எந்தக் கைக்காரங்க

"ஏனுங் சார், இத ஓட்டப் போறவங்க எந்தக் கைக்காரங்க?"

கடையில் விற்பனை வேலை பார்க்கும் ஸ்டெல்லா இதைக் கேட்டபோது மணி பதினொன்றேகால். கேள்வி என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் சென்னியப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றுவிட்டார். மூன்று வாரமாக இதற்காகப் படித்திருக்கிறார் மனிதர். அரசாங்க ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குறிப்பெடுக்காமல் பல்கூட விளக்க மாட்டார். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் முழுக்க எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கையில் பிடித்து மரம் அறுக்கும் வட்ட ரம்பம். ஒயர் இல்லாதது, பேட்டரியில் ஓடுவது. பதினெட்டு வோல்ட். பிளேடு ஆறரை அங்குலம். எப்போதாவது வீட்டு வேலைக்குத்தான் என்றால் பேட்டரி இரண்டு போதும். பலகைக்குப் பல் அதிகம் உள்ள பிளேடு கேட்டு வாங்க வேண்டும். மெசின் மரத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் உதைத்தால் உடனே விசையை விட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எந்தக் கை என்பது மட்டும் ஒரு தாளிலும் இல்லை.

"எனக்கில்லீங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு," என்றார்.

"அம்மாங்களுக்குங்களா?" ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் கடையின் நீலக் கோட்டு போட்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியமோ சிரிப்போ இல்லை. அரிசி எந்த ரகம் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். அந்தச் சாதாரணம் அவருக்குச் சுருக்கென்றது. "அப்பக் கேட்டுக்கோங்க. இந்த மெசினுக்கு பிளேடு இடது பக்கம் இருக்குது. வலது கைல புடிச்சு ஓட்டறவங்களுக்கு அறுக்கற கோடு கண்ணு முன்னாடி தெரியும். இதுக்கு பிளேடு வலது பக்கம். இடது கைக்காரங்களுக்கு இதுதான் சௌகரியம். மாத்தி வாங்கிட்டா மெசினே கோட்ட மறைச்சுக்கும், எட்டி எட்டிப் பாக்கோணும். எந்தக் கைன்னு யோசிச்சு வையுங், அந்தச் சாரைக் கவனிச்சுட்டு வந்துர்றேன்." இரண்டு ரம்பங்களையும் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

வலது கைதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ருக்குமணி வலது கையால் சாப்பிடுகிறாள், வலது கையால் பரிமாறுகிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், கரும்பலகையில் வலது கையால்தான் எழுதினாள், ஆண்டு விழாவுக்குப் போனபோது பார்த்திருக்கிறார். பார்த்தாரா? ஆண்டு விழாவில் யார் கரும்பலகையில் எழுதுவார்கள். பார்க்கவில்லை. சரி, சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார், ஆனால் சாப்பாட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, இந்த ஊரில் இலையில் இடது கையை வைக்க எந்தப் பிள்ளையை விட்டார்கள். காய் நறுக்கும்போது கத்தி எந்தக் கையில் இருக்கும்? அவர் கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார், அவள் அடுப்படி மேடையைப் பார்த்து நிற்பாள், தெரிவது முதுகும் கொண்டையும்தான். அந்தக் கொண்டை எப்போது நரைத்தது என்று கேட்டால்கூடத் தேதி சொல்லிவிடுவார் போலிருக்கிறது, கையைக் கேட்டால் முழிக்கிறார். எதிரெதிரே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்த ஒரு நாளை இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தார். அதில் வேறொரு தொல்லை, எதிரே இருப்பவளின் வலது இவருக்கு இடது. கவுண்டர் முன்னால் நின்று தன் இரண்டு கையையும் தூக்கி, இது அவள், இது நான் என்று மாற்றி மாற்றி அசைத்துப் பார்த்தார். பக்கத்தில் துளை போடும் மெசின் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். ஆபீசில் யார் எந்தக் கையில் கையெழுத்துப் போடுவார்கள், யார் கையெழுத்து வலப்பக்கம் சாயும், எல்லாம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், ரம்பம் வாங்குகிறார் என்பது இல்லை, அது நாளைக்குத் தெரியத்தான் போகிறது. தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். மன்னிப்புக் கேட்பதற்காக வாங்குகிற பொருள். அதை வாங்கவே அவளிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த மன்னிப்பின் லட்சணம் என்ன.

காப்பி. கல்யாணமான இரண்டாம் மாதம், பெரியப்பா கோபியிலிருந்து வந்திருந்தார். ருக்குமணி டம்ளரை நீட்டினாள். பெரியப்பா வாங்கவில்லை, டம்ளரைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். அவர் ஏன் வாங்கவில்லை என்று புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. "பீச்சாங்கைலயா குடுப்ப? சோத்தாங்கைல குடு," என்று இவர் போட்ட சத்தத்தில் டம்ளர் ஆடிக் காப்பி அவள் விரலில் வழிந்தது. அவள் கையை மாற்றிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்ல வேண்டி வரவில்லை, கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும் என்று அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆக, இடது கைக்காரிதான். அல்லது அன்றைக்கு வலது கையில் முறுக்குத் தட்டு இருந்ததா? இருந்தது மாதிரியும் இருக்கிறது. தட்டு ஸ்டூலின் மேல் இருந்தது மாதிரியும் இருக்கிறது. அன்றையிலிருந்து அவர் பார்வை படுகிற இடத்திலெல்லாம் அவள் வலது கைக்காரியாகவே இருந்தாள். பார்வை படாத இடத்தில் என்னவாக இருந்தாள் என்று இப்போது போய் யாரைக் கேட்பது. தெருவில் பொரி வண்டிக்காரன் படியை டின்னில் தட்டிக்கொண்டே போனான். வெள்ளைப் பூசணிக்காயைச் சாக்கு விரித்துக் குவித்திருந்தார்கள். நாளைக்கு ஆயுத பூசை. நாளைக்குள் ஆக வேண்டும், அதுதான் கணக்கு, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆயுத பூசையில் எடுத்ததை இன்னோர் ஆயுத பூசையில் திருப்பி வைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அவள் கை ரம்பம் வாங்கியது பள்ளிக்கூடத்துக்காகத்தான். பிள்ளைகளுக்கு வட்டம் போட்டுக் காட்ட மரத்தில் ஒரு பெரிய காம்பஸ் செய்தாள், பிறகு முக்கோண மட்டம், பிறகு வீட்டுக்கு ஒரு முக்காலி. முக்காலி ஆடவில்லை. அதன் மேல் உட்கார்ந்துதான் அவர் தினமும் ஷூ மாட்டுவார், யார் செய்தது என்று வந்தவர்கள் கேட்டால் கடையில் வாங்கியது என்பார். அப்புறம் புத்தக அலமாரிக்கு என்று ஆறு பலகை வாங்கினாள். நாலு அறுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் ஆயுத பூசை வந்தது. தட்டச்சு மெசின், மகளின் பாடப் புத்தகங்கள், அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி எல்லாம் சாமி முன்னால் இருந்தன. அவற்றுக்கு நடுவில் கைப்பிடியைத் துடைத்து, இரும்பில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து அவளுடைய ரம்பம். அவருடைய ஆபீசின் பெரிய அதிகாரியான எஞ்சினியர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார், வர அரை மணி நேரம் இருந்தது. "ஏப்புள்ள, நாம என்ன ஆசாரி வீடா? பெரிய மனுசன் வர்ற நேரத்துல ரம்பத்தக் கொண்டாந்து சாமிகிட்ட வெச்சிருக்க?" அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தன் கையால் அதை எடுத்துப் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின் மேல் கொண்டுபோய் வைத்தார். எஞ்சினியர் வந்தார், இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார், மகளிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார், போனார். பூசை இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த மனுசன். சாயங்காலம் மழை. அவர்கள் வீட்டு வழக்கம், மறுநாள் காலையில் அவரவர் ஆயுதத்தை அவரவர் ஒரு தடவையாவது தொட்டு வேலை செய்ய வேண்டும், அப்போதுதான் வருடம் முழுக்க விளங்கும் என்பார்கள். அவர் ஒரு வரி தட்டச்சு அடித்தார். மகள் ஒரு பக்கம் வாசித்தாள். ருக்குமணி அரிவாள்மனையில் உட்கார்ந்து ஒரே ஒரு கத்தரிக்காயை நறுக்கிவிட்டு, "எனக்கு இது போதுமுங்க," என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று அன்றைக்கு அவர் கவனிக்கவில்லை. கல்லின் மேல் கிடந்த ரம்பம் துருவேறிப் பழைய இரும்புக்குப் போயிற்று.

மூன்று வாரத்துக்கு முன்னால் கரையான் மருந்து அடிக்க வந்தவர்கள் பீரோவை நகர்த்தியபோது பின்னாலிருந்து பலகைகள் வந்தன. பழைய நூல் சேலையில் சுற்றி, மூலைக்கு மூலை கயிறு கட்டி, கைக்குழந்தையைப் போல. அவிழ்த்துப் பார்த்தார். அறுத்த பலகை நாலு, அறுக்காதது ரெண்டு. அறுக்காத இரண்டிலும் பென்சில் கோடு அப்படியே இருந்தது, ஓரத்தில் அளவு எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு. "இதென்ன ருக்கு," என்றார், தெரியாதவர் மாதிரி. "அது கெடக்கட்டுமுங்க," என்று உள்ளே போய்விட்டாள். அந்த ராத்திரியிலிருந்துதான் நாள்காட்டித் தாளில் எழுத ஆரம்பித்தார். அவருக்கு வருத்தம் என்றால் இப்படித்தான் வரும், குறிப்புகளாக. அழத் தெரியாது, வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. தப்புச் செய்துவிட்டேன் ருக்கு என்கிற மூன்று வார்த்தையைச் சொல்வதைவிட மோட்டாரில் எத்தனை வகை என்று படிப்பது சுலபமாக இருந்தது.

கட்டை விரல். எப்படி மறந்தேன் என்று கவுண்டரை லேசாகத் தட்டினார். அவள் கட்டை விரல் கணுவில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, முதல் பலகை அறுத்தபோது பட்டது. ரம்பத்தை ஒரு கை பிடித்தால் மரத்தை மற்றக் கை பிடிக்கும், வெட்டு மரம் பிடித்த கையில்தான் விழும். தழும்பு எந்தக் கையில் என்று தெரிந்தால் போதும், மறு கைதான் ரம்பக் கை. தழும்பு எந்தக் கையில்? திரும்பவும் அதே சுவரில் போய் முட்டிக்கொண்டார். அந்த நாளை நினைத்துப் பார். ஆபீசுக்குக் கிளம்பி நிற்கிறார், பின்கட்டிலிருந்து துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு வருகிறாள், முகம் வெளுத்திருக்கிறது, "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் ஆழமாப் பட்டுருச்சு." துண்டில் சுற்றிய கை எது? துண்டு தெரிகிறது, பச்சைக் கரை போட்ட துண்டு. ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார், மூன்று தையல். ஆபீசுக்கு லேட்டாகப் போய் நாற்காலியில் சாய்ந்தபோது முதுகில் ஈரம். வெள்ளைச் சட்டை, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். வீட்டுக்கு வந்து, "ஆபீஸ் சட்டையக் கெடுத்துட்டியே," என்றார். மூன்று தையல் போட்டிருந்தவளிடம் சொன்னார். சேலை கட்டிய பெண்கள் ஸ்கூட்டரில் இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்காருவார்கள். ஓட்டுகிறவன் முதுகை ஒட்டி இருப்பது வலது கை. இடது கை பின்னால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டிருக்கும். சட்டையில் ரத்தம் என்றால் வெட்டு வலது கையில். அப்படியென்றால் ரம்பம் பிடித்தது இடது கை. கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்த சந்தோசம் தொண்டையைத் தாண்டிக் கீழே இறங்குவதற்குள் கசந்துவிட்டது. பெண்டாட்டியின் கை ஞாபகமில்லை, சட்டையின் கறை ஞாபகமிருக்கிறது. அதை வைத்துத்தான் அவள் கையையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பின்கட்டில், அவர் பார்வை படாத நேரங்களில் மட்டும் அவள் தன் கையால் வேலை செய்திருக்கிறாள்.

"முடிவு பண்ணீட்டீங்களா சார்?"

"இடது," என்றார். "நிச்சயமா இடது."

"அப்ப இது." ஸ்டெல்லா வலது பக்க பிளேடு உள்ளதை எடுத்து, பேட்டரியை மாட்டி அவரிடம் நீட்டினாள். "புடிச்சுப் பாருங். பேட்டரியோட மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். அம்மாவையும் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா புடிச்சே பாத்திருக்கலாம். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா நெனைக்காதீங்க. அம்மாங்களுக்குக் கை நடுக்கம், மரத்துப் போறது, அப்புடி ஒண்ணும் இல்லீங்களே? இருந்தா இது ஆகாது. மொத அறுப்புலயே வெரல் போயிரும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

சட்டென்று சொன்னார், ஆபீசில் நிலுவை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேகத்தில். அவள் பெட்டி எடுக்கக் குனிந்தாள். காப்பி. மறுபடியும் காப்பிதான் வந்து நின்றது, பெரியப்பாவின் காப்பி இல்லை, இன்று காலைக் காப்பி. அரை டம்ளர். கொஞ்ச காலமாகவே அரை டம்ளர்தான் வருகிறது, சர்க்கரை வியாதிக்காரன் என்று அளந்து ஊற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "விளிம்பு வரைக்கும் ஊத்தறதுக்குள்ள பால் தீந்து போச்சா," என்று கேலிகூடச் செய்தார். அவள் சிரித்தாள். நிறைய ஊற்றினால் சிந்தும் என்பதாலா? போன மார்கழியில் வாசலில் கோலத்துக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், முப்பத்தாறு வருடம் புள்ளி வைத்துக் கோலம் போட்டவள். "சோம்பேறியாயிட்ட ருக்கு," என்றார். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். கண்ணாடி மாத்து என்றார். கேட் பூட்டை நீங்களே பூட்டிருங்க என்றாள். அதற்கு என்ன சொன்னார் என்று ஞாபகமில்லை, ஏதாவது சொல்லியிருப்பார். பரிமாறும்போது கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் கிடுகிடுவென்று தட்டுகிற சத்தம், தினமும் கேட்கிற சத்தம், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்ட சத்தம். அது வெறும் வயசா, வேறு ஏதாவதா, வேறு ஏதாவது என்றால் என்ன, டாக்டரிடம் போனாளா, யாரோடு போனாள், பஸ்ஸில் கம்பியை எந்தக் கையால் பிடித்துக்கொண்டு போனாள். கையிலிருந்த மெசின் கனத்தது. அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே படிக்கட்டுக்கு வந்து போன் போட்டார்.

"சொல்லுங். பொரி வாங்கிட்டீங்களா?"

"வாங்கல. ருக்கு, உனக்குக் கை நடுங்குதா?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.

"நடுங்குதுங்க. போன ஐப்பசில இருந்து. மொதல்ல இடது கை, இப்ப வலதும் கொஞ்சம். பெரியாஸ்பத்திரில காட்டி மாத்தர சாப்பட்டுட்டுத்தான் இருக்கறேன். பயப்படாதீங்க, உசுருக்கு ஒண்ணுமில்லைன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நித்தம் எதுக்கதான உக்காந்து சாப்படறீங்க," என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். "எங்க நின்னு பேசறீங்க, ஒரே வண்டிச் சத்தமா இருக்குது?"

எங்கே நிற்கிறார் என்று சொன்னார். எதற்கு என்று சொன்னார். சொல்ல ஆரம்பித்ததும் நாள்காட்டித் தாளில் இல்லாததெல்லாம் வந்தது, துவைக்கிற கல், எஞ்சினியர், முக்காலி, சட்டை. வரிசையாக வரவில்லை. தப்புப் பண்ணிட்டேன் என்பதை இரண்டு தடவை சொன்னார். பொரி வண்டிக்காரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"இடது கைலதான அறுப்ப நீ?" என்று கடைசியாகக் கேட்டார்.

"ஆமாங்க. அது ஒண்ணு மட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பத்து வருசம் முன்னாடி வாங்கிட்டு வந்திருந்தீங்கன்னா," என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். "வேண்டாமுங்க. வெச்சுட்டு வந்துருங்க. நான் அதத் தொட முடியாது இனி."

படிக்கட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டுப் போய்விடலாம், அவளே சொல்லிவிட்டாள், பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு போய், நாளைக்குச் சாமி முன்னால் அரிவாள்மனையை வைத்து, நாளை மறுநாள் அவள் நடுங்குகிற கையால் ஒரு கத்தரிக்காய் நறுக்குவதை இந்தத் தடவை கண்ணால் பார்க்கலாம்.

"நான் அறுக்கறேன்," என்றார்.

"நீங்களா?" என்றாள். அது சிரிப்பா, மூச்சா என்று போனில் தெரியவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"கோட்டு மேலயே ஓட்டிறாதீங்க," என்றாள். "கோட்ட ஒட்டி வெளிப்பக்கமா ஓட்டோணும். பிளேடு தன்ற கனத்துக்கு மரத்தத் தின்னுரும். கோட்டு மேல ஓட்டுனீங்கன்னா பலகை அந்த அளவுக்குக் கொறஞ்சு போயிரும், அப்பறம் அலமாரில தட்டு உக்காராது. மொதல்ல வேற கட்டைல ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துக்கோங்க. கை லொடலொடன்னு தொங்கற சட்ட போடாதீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கீங்க, இருவத்திரண்டு வருசமாச்சு. கோடே அழிஞ்சு போயிருக்கும்."

"அழியல. நான் பாத்தேன்."

"அதையாவது பாத்தீங்களே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சென்னியப்பன் உள்ளே வந்தார். ஸ்டெல்லா பெட்டியை மூடி டேப் ஒட்டப் போனாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்து, மிச்சமிருந்த இடத்தில், கோட்டுக்கு வெளிப்பக்கம் என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"அது வேண்டாமுங்க," என்றார். "இன்னொண்ணக் குடுங்க. வலது கைக்காரங்களுக்கு இருக்குதே, அது."